அண்ணாச்சி கேட்ட கேள்வி: சம்பளம்னா எவ்வளவு?

2025 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மல்காஜ்கிரியில் குளிர் நன்றாகவே இறங்கியிருந்தது. தங்கமணி உள்ளே பொங்கலுக்கு மிளகு தாளித்துக்கொண்டிருந்தார். நான் பேப்பரும் காபியுமாக உட்கார்ந்திருந்தேன். கீழ் வீட்டு அண்ணாச்சி படியேறி வந்தார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் பத்தொன்பது வருஷச் சம்பளச் சீட்டுகள், வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு.

"தம்பி, ஒரு சந்தேகம். எனக்குச் சம்பளம் எவ்வளவுன்னு சொல்லுங்க பாப்போம்."

"உங்க சம்பளத்தை எங்கிட்ட கேக்கிறீங்களே அண்ணாச்சி?"

"நாப்பதாயிரம்னு நான் சொல்லுதேன். பன்னெண்டாயிரம்னு முதலாளி சொல்லுதாரு. இருபதாயிரம்னு பேப்பர்ல போட்டிருக்குன்னு எம்மவன் சொல்லுதான். எதுதான் நெசம்?"

சிரித்துவிட்டேன். ஆனால் சிரிக்கிற கேள்வி இல்லை அது. மூன்றுமே நிஜம். ஒரே மனுஷனுக்கு ஒரே மாசத்தில் எப்படி மூன்று சம்பளம் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் நூறு வருஷம் பின்னால் போகவேண்டும். அன்றைக்கு அண்ணாச்சியிடம் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்காக: எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. இருபது வருஷத்துக்கு மேலாக மல்காஜ்கிரி வாசம். மௌலாலி, நாச்சாரம், மல்லாப்பூர் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. ரிட்டர்ன் எல்லாம் போட்டுக்கொடுப்பது என் பிழைப்பு. அண்ணாச்சி சங்கரன்கோவில்காரர். மௌலாலி பக்கம் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். 2026 ஜனவரி கடைசியில் ரிட்டயர்மெண்ட். அந்தப் பட்டறைக்கும் சம்பளக் கணக்கு போடுவது அடியேன்தான். (அண்ணாச்சியிடமும் முதலாளியிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

சம்பா நெல்லும் அளம் என்கிற உப்பும் சேர்ந்துதான் சம்பளம் என்று பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா சொல்லுவார். அது எப்படியோ போகட்டும். ஆனால் "பஞ்சப்படி" என்ற சொல்லைப் பாருங்கள். இன்றைக்கு அரசாங்கம் அகவிலைப்படி என்று எழுதுகிறது. எங்கள் ஊர் மில் தொழிலாளிகள் வாயில் பஞ்சப்படிதான். முதல் உலக யுத்தக் காலத்தில் தானியம் விலை ஏறியபோது, சம்பளத்தை ஏற்ற மனசில்லாத பம்பாய் மில் முதலாளிகள் தனியாக ஒரு தொகை கொடுத்தார்கள். விலை இறங்கினால் எடுத்துவிடலாம் என்பது கணக்கு. இரண்டாம் உலக யுத்தத்தில் இது நாடு முழுக்கப் பரவியது. விலை இறங்கவே இல்லை, படியும் போகவில்லை. சம்பளச் சீட்டில் ஒரு வரி இரண்டு வரியாக ஆன ஆரம்பக் கதை இதுதான்.

அதற்கு முந்தைய காலத்தில் தொழிலாளிக்குச் சண்டை "எவ்வளவு" என்பதில் மட்டும் இல்லை. "எப்போது கிடைக்கும், எவ்வளவு பிடிப்பார்கள்" என்பதிலும் இருந்தது. லேட்டாக வந்தால் அபராதம், நூல் அறுந்தால் அபராதம், முறைத்துப் பார்த்தால் அபராதம். சென்னை பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் இதையெல்லாம் தாங்கமுடியாமல்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். பி.பி. வாடியா தலைவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று பலரும் இதைத்தான் சொல்வார்கள். மில்லை நடத்திய பின்னி கம்பெனி வாடியா மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கியது. ஆட்களை வேலைக்குப் போகாமல் தூண்டியது குற்றமாம்! இந்த வழக்கு கிளப்பிய கோபம்தான் என்.எம். ஜோஷி போன்றவர்கள் கேட்டுக் கேட்டு 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வரக் காரணம்.

அப்புறம் 1929ல் விட்லி கமிஷன். 1931ல் அறிக்கை. அதை ஒட்டி வந்தது 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். ஆயிரம் பேருக்குக் குறைவான இடத்தில் 7ஆம் தேதிக்குள், அதற்கு மேலிருந்தால் 10ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக்கூடாது. இன்றைக்கும் நம் வீடுகளில் "ஏழாம் தேதிக்குள் வந்துடும்" என்று பால்காரரிடம் சொல்கிறோமே, அந்த ஏழு இங்கிருந்து வந்ததுதான்.

நிற்க. மல்காஜ்கிரி இதில் எங்கே வருகிறது?

இங்கே அப்போது நிஜாம் ராஜ்ஜியம். செகந்திராபாத் ஸ்டேஷன் 1874ல் வந்தது. நம் ஏரியாவுக்கு அடுத்திருக்கும் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் 1893ல். ரயிலும் பட்டாளமும் செகந்திராபாத் பக்கம் எங்கெங்கிருந்தோ ஆட்களைக் கூட்டி வந்தன. அவர்களில் தமிழர்கள் நிறைய. மன்மாட் போகும் பாதையில் செகந்திராபாத்துக்கு அடுத்து மல்காஜ்கிரி ஸ்டேஷன், கொஞ்சம் தள்ளி சஃபில்குடா. ரயில்வே வேலைக்கு வந்தவர்கள் வீடு கட்டிக்கொண்டு அப்படியே தங்கிவிட்ட ஊர்கள் இவை. 1930 ஏப்ரலில் ரயிலை நிஜாம் அரசே எடுத்துக்கொண்டது. 1951 நவம்பரில் அது மத்திய ரயில்வேயோடு சேர்ந்தது. 1966 அக்டோபர் 2ஆம் தேதி செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய ரயில்வே பிறந்தது.

நிஜாம் காலத்தில் இங்கே "சம்பளம் எவ்வளவு" என்று கேட்டால் "எந்த ரூபாயில்?" என்று திருப்பிக் கேட்கவேண்டும். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்று, நிஜாமின் ஹாலி சிக்கா ரூபாய் இன்னொன்று. ஏறக்குறைய 7 ஹாலி ரூபாய்க்கு 6 பிரிட்டிஷ் ரூபாய். ஊருக்கு மணியார்டர் அனுப்புகிறவர் மனசுக்குள் எப்போதும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். இன்று துபாயிலும் டாலஸிலும் இருக்கும் நம் வாசகர்களுக்கு இது புரியும் :-) 1948 செப்டம்பரில் ராஜ்ஜியம் இந்தியாவோடு சேர்ந்தது. 1951ல் ஒரு தனிச் சட்டம் போட்டு, இந்திய அரசின் பல சட்டங்களை ஹைதராபாத் மாதிரியான ராஜ்ஜியங்களுக்கும் நீட்டினார்கள். ரூபாய் ஒன்றானது. சட்டமும் ஒன்றானது. ஆனால் சம்பளம் மட்டும் ஒன்றாகவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகுதான் அது துண்டு துண்டாக உடைய ஆரம்பித்தது.

எப்படி என்று சொல்கிறேன். 1948ல் ஈ.எஸ்.ஐ. சட்டம். 1952ல் பி.எஃப். சட்டம். முதலில் சிமெண்ட், சிகரெட், எஞ்சினியரிங், இரும்பு, காகிதம், ஜவுளி என்று ஆறு தொழில்களுக்கு மட்டும். பிடித்தம் ரூபாய்க்கு ஓரணா, அதாவது 6.25 சதவீதம். முதலாளியும் அதே அளவு போடவேண்டும். 1965ல் போனஸ் சட்டம். 1972ல் கிராஜுவிட்டி சட்டம். எல்லாம் நல்ல சட்டங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் "சம்பளம்" என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு அர்த்தம் எழுதிக்கொண்டது. பி.எஃப்.புக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். வீட்டு வாடகைப்படி வராது. போனஸுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். கிராஜுவிட்டிக்கு வாடகைப்படி மட்டுமல்ல, "வேறு எந்தப் படியும்" வராது. ஈ.எஸ்.ஐ.க்கு மட்டும் கிட்டத்தட்ட எல்லாமே வரும்.

சட்டம் எழுதியவர்கள் ஒரு படி என்பது சின்னத் தொகையாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் போல. அடிப்படைச் சம்பளம் சோறு, படிகள் எல்லாம் ஊறுகாய். எங்களைப் போன்ற கணக்குப் போடுகிறவர்கள் வந்தோம். ஊறுகாயைச் சோறாக்கி, சோற்றை ஊறுகாயாக்கினோம். அடிப்படையை 30 சதவீதத்துக்கு இறக்கி, மீதி 70ஐ வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஸ்பெஷல் அலவன்ஸ் என்று பெயர் வைத்துப் பிரித்தால், முதலாளிக்குப் பி.எஃப். குறையும், கிராஜுவிட்டி குறையும், லீவுக்காசு குறையும். தொழிலாளியின் மொத்தச் சம்பளம் குறையாததால் அவர் சண்டைக்கு வரமாட்டார். கையில் வருவது கொஞ்சம் கூடவும் செய்யும், பிடித்தம் குறைவதால்.

வருமான வரியும் இதற்கு ஒத்து ஊதியது. வாடகைப்படிக்கு வரிவிலக்கு உண்டு. அதிலும் 1962ஆம் வருஷத்து விதியில் சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி நாலுக்கு 50 சதவீதம், ஹைதராபாத்துக்கு 40 சதவீதம்தான் இருந்தது. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் முதல் வருஷம் என்னிடம் கோபப்பட்டது இதற்காகத்தான். போக்குவரத்துப்படிக்கு மாதம் 800 வரை, 2015 முதல் 1,600 வரை விலக்கு இருந்தது. மருத்துவச் செலவுக்கு வருஷம் 15,000. 2005ல் ப. சிதம்பரம், கம்பெனி ஊழியருக்குத் தரும் சலுகைகள் மேலேயே கம்பெனியிடம் வரி போட்டார். 2009ல் அது போனது. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் நாங்கள் சீட்டின் வரிகளை மாற்றி அடுக்குவோம். இதற்கு நடுவில் தொழில் வரி வேறு. என்.டி. ராமராவ் ஆட்சியில் 1987ல் வந்த சட்டம் தெலங்கானாவிலும் தொடர்கிறது. 20,000க்கு மேல் சம்பளம் என்றால் மாதம் 200. அதற்கு மட்டும் நாங்கள் எந்த வித்தையும் காட்டமுடியவில்லை.

"வரி மிச்சம் சார், உங்களுக்குத்தான் லாபம்" என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. மாதம் 15,000 வாங்கும் லேத் ஆபரேட்டருக்கு வருமான வரியே கிடையாது. அவருக்கு என்ன மிச்சம்? அவர் சீட்டையும் ஏன் ஆறு வரியாக உடைத்தேன்? கேட்டால் "எல்லாருக்கும் ஒரே ஃபார்மட்" என்று பதில் வைத்திருந்தேன்.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருப்பதற்குக் காரணம் என் அப்பா. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதினார். 26 வருஷம். 1998ல் ஓய்வு பெற்றபோது அவர் வாங்கியது மாதம் 2,600 ரூபாய். ஆனால் சம்பளப் பதிவேட்டில் 900. மீதி 1,700 வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வாங்குவார். கிராஜுவிட்டிக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால் பெருக்கவேண்டும். அப்பாவுக்கு சர்வீஸே 26 என்பதால் கணக்கு சுலபம். 900 பெருக்கல் 15. பதிமூன்றாயிரத்து ஐந்நூறு. 2,600க்குப் போட்டிருந்தால் 39,000. வித்தியாசம் 25,500 ரூபாய். அந்த வருஷம்தான் அக்கா கல்யாணம். அப்பா யாரையும் திட்டவில்லை. "அந்த வவுச்சரை எழுதினதே நான்தானடா" என்று மட்டும் சொன்னார். அவருடைய சம்பளத்தை அவர் கையாலேயே குறைத்து எழுதியிருக்கிறார், 26 வருஷம். அப்படிப்பட்டவர் மகன் நான், ஹைதராபாத் வந்து கம்ப்யூட்டரில் அதையே செய்தேன். வவுச்சர் இல்லை, எல்லாம் வெள்ளைப் பணம், சட்டப்படி சரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆச்சா? இனி இந்தக் கதை திரும்பிய இடத்துக்கு வருவோம்.

1999ல் ரவீந்திர வர்மா தலைமையில் இரண்டாவது தேசியத் தொழிலாளர் கமிஷன் அமைத்தார்கள். 2002ல் அது கொடுத்த அறிக்கை, இத்தனை சட்டம் வேண்டாம், தொகுத்துச் சிலதாக ஆக்குங்கள் என்றது. கோப்பு தூங்கியது. நடுவில் 2019 பிப்ரவரி 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. எல்லாருக்கும் வழக்கமாகக் கொடுக்கும் படி எதுவானாலும் அது அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்ததுதான், அதற்கும் பி.எஃப். கட்டு. கூடுதல் வேலைக்கோ தனி உழைப்புக்கோ கொடுத்தது என்று காட்டினால்தான் விடுவோம். பெயரை மாற்றினால் பொருள் மாறாது என்று எங்கள் வித்தையின் மேல் விழுந்த முதல் பெரிய அடி.

அதே 2019ல் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2020ல் தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்று மூன்று தொகுப்புகள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. 29 பழைய சட்டங்கள் நாலாகச் சுருங்கின. ஆனால் அமலுக்கு வரவில்லை. "வருது, வருது" என்று ஐந்து வருஷம் வாடிக்கையாளர்களைப் பயமுறுத்தி எனக்கே சலித்துவிட்டது. கடைசியில் 2025 நவம்பர் 21 அன்று, முந்தின நாள் வரை பெரிதாகச் சத்தமே இல்லாமல், நாலும் ஒரேயடியாக அமலுக்கு வந்தன.

தொழிற்சங்கங்கள் இவற்றை எதிர்க்கின்றன. அந்த எதிர்ப்புக்குக் காரணங்கள் உண்டு. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசு அனுமதி வேண்டும் என்ற விதி முன்பு 100 பேர் இருக்கும் ஆலைக்கே பொருந்தும். இப்போது 300 பேர் இருந்தால்தான். மௌலாலி, நாச்சாரத்தில் 300 பேர் இருக்கும் பட்டறையை நீங்கள் தேடித்தான் பிடிக்கவேண்டும். வேலை நிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு எல்லாத் தொழிலுக்கும் கட்டாயமாகியிருக்கிறது. 1918ல் பெரம்பூரில் கூடியவர்களுக்கு இது பிடித்திருக்காது. இதையெல்லாம் மறைத்துவிட்டு நல்லதை மட்டும் சொல்லக்கூடாது.

ஆனால் அண்ணாச்சியின் கேள்விக்கான பதில் இந்தத் தொகுப்பில் ஒரு வரையறைக்குள் இருக்கிறது. நாலு தொகுப்புக்கும் "சம்பளம்" ஒன்றே. வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம், கமிஷன் என்று சிலவற்றைக் கழிக்கலாம். ஆனால் கழிப்பது எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால், தாண்டிய தொகை திரும்பச் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். ஸ்பெஷல் அலவன்ஸ் கழிக்கும் பட்டியலிலேயே இல்லை.

அண்ணாச்சியின் சீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு போட்டேன். அடிப்படை 12,000. ஸ்பெஷல் அலவன்ஸ் 6,000. வாடகைப்படி 14,000. போக்குவரத்துப்படி 8,000. மொத்தம் 40,000. கழிக்கக்கூடியது வாடகையும் போக்குவரத்தும், 22,000. பாதி என்பது 20,000. ஆக 2,000 கூடுதல், அது திரும்பி வரும். 12,000, 6,000, 2,000 சேர்த்தால் 20,000. மகன் சொன்ன எண் சரி. (முதலாளியின் பி.எஃப். பங்கையும் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் நகரும். புரிவதற்காக விட்டுவிட்டேன்.)

பழைய கணக்கில் அண்ணாச்சியின் கிராஜுவிட்டி 12,000க்கு, 19 வருஷத்துக்கு: 1,31,538 ரூபாய். புதிய கணக்கில் 20,000க்கு: 2,19,231 ரூபாய். வித்தியாசம் 87,693. கடைசி மாதச் சம்பளம் எது என்பதை வைத்து மொத்த சர்வீஸுக்கும் கணக்கு என்பதால், வரையறை ஒன்று மாறினால் பத்தொன்பது வருஷமும் சேர்ந்து மாறுகிறது. இது சின்னப் பட்டறை விஷயம் மட்டுமில்லை. 2025 டிசம்பர் காலாண்டுக் கணக்கில் இந்தச் சட்ட மாற்றத்துக்காக மட்டும் டி.சி.எஸ். 2,128 கோடியும் இன்ஃபோசிஸ் 1,289 கோடியும் ஒதுக்கியதாகக் காட்டின. ஒரு சொல்லுக்கு அர்த்தம் எழுதியதில் அத்தனை கோடி.

பொங்கலை அப்படியே வைத்துவிட்டு அண்ணாச்சி அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்பத்தேழாயிரமா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "முதலாளி பாவம்லா தம்பி" என்றார்.

முதலாளி பாவம்தான். 34 பேர் வைத்திருக்கிறார். பெரிய கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுத்து, பில் பணம் தொண்ணூறு நாள் கழித்து வாங்குகிறவர். மறுநாள் அவரைப் பார்க்கப் போனேன். எல்லாருக்கும் கணக்குப் போட்டுக் காட்டியதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "தாரி சூடண்டி சார்" என்றார். வழி பாருங்கள் என்று அர்த்தம். இருபது வருஷமாக அவர் இந்த மூன்று சொல்லைச் சொல்லும்போதெல்லாம் நான் வழி பார்த்துக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவையும் ஒரு வழி மனசுக்குள் ஓடத்தான் செய்தது. தொழில்புத்தி, சொன்ன பேச்சு கேட்காது.

அன்றைக்கு நான் அவரிடம் சொன்னது இதுதான். முன்பு வரி மிச்சம் என்று சொல்லி உடைத்தோம். 2025-26 முதல் புது வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரருக்கு நிலைக்கழிவோடு 12.75 லட்சம். அந்த முறையில் வாடகைப்படிக்கு விலக்கும் கிடையாது. 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக எழுதிய 2025ஆம் வருஷச் சட்டம் அமலாகும் தேதி 2026 ஏப்ரல் 1. அதிலும் இந்த 12 லட்சம் அப்படியே இருக்கிறது. நம் பட்டறையில் யாருக்கும் வரி வராது. அப்படியானால் இனி சீட்டை உடைப்பது யாருக்காக? உங்களுக்காக மட்டும்தான். அதைச் சட்டமும் கண்டுபிடித்துவிட்டது. இனிமேல் உடைத்தாலும் பாதிக்குக் கீழே போகாது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பி.எஃப்.பும் கூடுமா?" என்று கேட்டார். கட்டாயம் என்பது 15,000 ரூபாய்ச் சம்பளம் வரைக்கும்தான், 2014 செப்டம்பரிலிருந்து அதுதான் உச்சவரம்பு, அதற்கு 12 சதவீதம் 1,800. அதற்குக் கீழே காட்டியவர்களுக்கு மட்டும் கூடும் என்றேன். அப்படிக் காட்டியவர்கள் 34ல் 29 பேர். காட்டியது நான்தான்.

அண்ணாச்சி ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றார். பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளில் வந்தது; ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்பது இப்போது விதி. கிராஜுவிட்டிக்கு முப்பது நாள் அவகாசம். இருபத்தெட்டாம் நாள் வந்தது, 2,19,231 ரூபாய், ஒரே காசோலையாக. முதலாளி அதற்காக ஒரு பழைய மெஷினை விற்றார் என்று பின்னால் தெரிந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் எழுதினால் நியாயமாக இருக்காது.

இதை வெளியூரில் வேலை பார்க்கும் நம் குடும்பங்களுக்காக ஏன் எழுதுகிறேன் என்றால், நாம்தான் சம்பளத்தைக் "கைக்கு எவ்வளவு" என்று மட்டும் கேட்டுப் பழகியவர்கள். வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ், ஊருக்கு அனுப்பும் பணம், ரயில் டிக்கெட் என்று எல்லாமே கைக்கு வருவதில்தான் ஓடுகிறது. இன்னொரு ஊருக்கு மாறும்போதும் கைக்கு ஆயிரம் கூடக் கிடைக்குமா என்று பார்த்து மாறுகிறோம். சீட்டின் முதல் வரியை யாரும் பார்ப்பதில்லை. ஓய்வு பெறும்போதும், வேலை போகும்போதும், பேறுகால விடுப்பில் இருக்கும்போதும் நம்மைத் தாங்குவது அந்த முதல் வரிதான். ஓவர்டைம்கூட அப்படித்தான். 2025 ஜூலையில் தெலங்கானா அரசு, கடைகள் நீங்கலான வணிக நிறுவனங்களில் வாரம் 48 மணிக்கு மிகாமல் ஒரு நாளைக்கு 10 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதி கொடுத்தது. அதைத் தாண்டினால் இரட்டிப்புச் சம்பளம். எந்தச் சம்பளத்துக்கு இரட்டிப்பு என்பதுதான் கேள்வி.

முடிந்தால் இந்த மாதச் சீட்டை எடுத்து, கூட்டல் கழித்தல் போட்டுப் பாருங்கள். வேலை நியமனக் கடிதம் இல்லாதவர்கள் கேட்டு வாங்குங்கள். எல்லாருக்கும் கொடுக்கவேண்டும் என்பது இப்போது சட்டம். ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு, ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டாம். பழைய ஊரில் விட்டுவந்த பி.எஃப். இருந்தால் இப்போதைய கணக்கோடு சேர்த்துவிடுங்கள்.

அண்ணாச்சி மார்ச் மாதம் சங்கரன்கோவிலுக்கே திரும்பிவிட்டார். போகும்போது அந்த ஜவுளிக்கடைப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "இனி எனக்கெதுக்கு, நீங்களே வச்சுக்கோங்க" என்றார். மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் கடைசி சில சீட்டுகள் தவிர எல்லாமே நான் போட்டவை, ஆறு ஆறு வரியாக.

பி.கு.: அப்பாவிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "காசோலை பாஸாச்சா?" என்று கேட்டார். கணக்கெழுதினவர் இல்லையா. ஆச்சுப்பா என்றேன்.